கை குட்டை என்றால் குத்துச்சண்டையில் ஜாப் வீணா?

சோமனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் கிளப் விவரத்தையும் எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 19. கோவையில் பி.காம். இரண்டாம் ஆண்டு. அப்பா விசைத்தறி ஓட்டுகிறார், அம்மா தறிக்கு நூல் தார் சுற்றுகிறார். இரண்டு வருடமாகக் குத்துச்சண்டை பழகுகிறார். உயரம் 155 சென்டிமீட்டர், எடை 54 கிலோ. போட்டியிலும் 54 கிலோ பிரிவில்தான் இறங்குகிறார். கடைசியாக ஆடிய இரண்டு போட்டியிலும் 168 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்களிடம் புள்ளியில் தோற்றிருக்கிறார். "என் ஜாப் அவங்க மூஞ்சிக்குப் போய்ச் சேரவே மாட்டேங்குதுங்க சார். நான் கையை நீட்டறதுக்குள்ள அவங்க கை வந்துடுது" என்று எழுதுகிறார். ஜாப் என்பது முன்னால் இருக்கும் கையை நேராக நீட்டிப் போடும் குத்து.

கிளப்பில் சீனியர்கள் மூன்று யோசனை சொல்லியிருக்கிறார்கள். ஒருவர், "உனக்குக் கை குட்டை, ஜாப்பை மறந்துட்டுத் தலையைக் குனிஞ்சுக்கிட்டு உள்ள பாஞ்சுடு" என்றாராம். இன்னொருவர், அடுத்த மாதம் வரும் கல்லூரிப் போட்டிக்கு 51 கிலோவுக்கு இறங்கச் சொல்லியிருக்கிறார். கடைசிப் பத்து நாள் பிளாஸ்டிக் கோட்டு போட்டு ஓடி, தண்ணீரைக் குறைத்தால் போதும் என்பது அவர் கணக்கு. மூன்றாமவர், இடதுகைக்காரி போல நிலையை மாற்றி நிற்கச் சொல்கிறார். இதில் எதைச் செய்யலாம் என்பது கேள்வி.

கடிதத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கிறது. போன வாரம் ஒரு சீனியர் பையனோடு ஸ்பாரிங் (பயிற்சிச் சண்டை) செய்தபோது நெற்றிப்பொட்டில் அடி வாங்கி, இரண்டு நாள் தலைவலி இருந்ததாம். வகுப்பில் டியூப்லைட் வெளிச்சம் கூசியதாம். இப்போதும் ஸ்கிப்பிங் ஆடினால் தலை வலிக்கிறது. சொன்னால் போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிடுவார் என்று கோச்சிடம் சொல்லவில்லை.

தலைவலியை முதலில் பார்ப்போம்

அம்மிணி, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரிதான் கடிதத்திலேயே பெரிய விஷயம். ஜாப்பைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், அதற்கு முன்னால் இது முடிய வேண்டும்.

"மயங்கி விழலீங்க, அதனால ஒண்ணும் இருக்காது" என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைக்காதீர்கள். மூளை அதிர்வு ஏற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு நினைவு தப்புவதே இல்லை. தலைவலி, வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமல் போவது, படித்தது மனதில் நிற்காதது, தலை கிறுகிறுப்பு, தூக்கம் கெடுவது, காரணமில்லாத எரிச்சல் இவையெல்லாம் அதன் அடையாளங்கள். ஸ்கிப்பிங் ஆடினால் வலி திரும்புகிறது என்றால் மூளை இன்னும் ஆறவில்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். ஹெட்கார்டு போட்டிருந்தேன் என்கிறீர்கள். ஹெட்கார்டு புருவம் கிழியாமல் காப்பாற்றும், வீக்கத்தைக் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது.

ஆறாத மூளையில் இரண்டாவது அடி விழுவதுதான் எனக்குப் பெரிய பயம். அரிதாக என்றாலும், அப்படி விழுந்த சின்ன அடியில் மூளை வீங்கி இள வயதுக்காரர்கள் இறந்திருக்கிறார்கள். அதனால் இன்றிலிருந்து ஸ்பாரிங் கிடையாது. ஸ்கிப்பிங்கும் கிடையாது. இந்த வாரமே ஒரு டாக்டரைப் பாருங்கள். நரம்பியல் டாக்டராக இருந்தால் நல்லது. கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே காட்டலாம், செலவைப் பற்றி வீட்டில் யோசிக்க வேண்டியதில்லை. என்றைக்கு அடிபட்டது, எங்கே பட்டது, அப்புறம் என்னென்ன ஆனது என்று தாளில் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் எழாத அசதி, பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் மரத்துப்போவது, வலிப்பு இவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். இதை ஹாஸ்டலில் கூட இருக்கும் பெண்ணிடமும் சொல்லி வையுங்கள்.

டாக்டர் சரி என்ற பிறகும் ஒரே நாளில் ரிங்குக்குத் திரும்ப முடியாது. முதலில் நடை, பிறகு மெதுவான ஓட்டம், பிறகு எதிரே ஆள் இல்லாமல் காற்றில் குத்தும் ஷேடோ, பிறகு தொங்கவிட்ட பேக், கோச் கையில் பிடிக்கும் பேட். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாளாவது கொடுத்து, தலைவலி எட்டிப் பார்த்தால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். ஸ்பாரிங் கடைசிப் படி. அதற்கு டாக்டர் தனியாக அனுமதி தர வேண்டும்.

கோச்சிடம் சொல்லத்தான் வேண்டும். தலையில் அடிபட்டு நாக்அவுட் ஆனவர்களைக் குறைந்தது 30 நாள் ரிங்கில் ஏற்றக் கூடாது என்பது சர்வதேச அமெச்சூர் (தொழில்முறை அல்லாத) போட்டிகளில் நெடுநாளாக இருக்கும் விதி. நீங்கள் நாக்அவுட் ஆகவில்லை, விதி உங்களை நேரடியாகக் கட்டாது. ஆனால் அந்த விதி எதற்காக வந்ததோ அந்தக் காரணம் உங்களுக்கும் பொருந்தும். விவரம் தெரிந்த கோச் என்றால் பெயரை எடுத்துவிடுவார். அவர் எடுப்பதுதான் முறை. நீங்கள் சொல்லியும் "பரவால்ல, ஏறு" என்று ஒரு கோச் சொன்னால் அந்த இடத்தில் பழகுவதையே நீங்கள் யோசிக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் சொல்கிறேன். உங்களைவிட 12 கிலோ கூடுதலாக இருக்கும் பையனோடு முழு வேகத்தில் ஸ்பாரிங் செய்யச் சொன்னால் "முடியாதுங்க" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. உயரமானவரோடு பழக வேண்டும் என்பது சரிதான். அதற்கு உயரம் போதும், அவருடைய பலம் முழுவதும் தேவையில்லை. "ஜாப் மட்டும், பாதி வேகம், இரண்டு ரவுண்டு" என்று ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். கோச் கீழே நின்று பார்க்க வேண்டும். பல்காப்பு இல்லாமல் ஒரு ரவுண்டுகூட வேண்டாம்.

உங்கள் தோள் அவள் மார்பு உயரம்

சரி, இனி ஜாப்புக்கு வருவோம். கை குட்டை என்பதால் ஜாப் வீண் என்று முடிவு கட்டியிருக்கிறீர்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. உங்களுக்கும் அந்த எதிராளிகளுக்கும் உயர வித்தியாசம் 13 சென்டிமீட்டர். இரண்டு கையையும் விரித்து அளந்தால் அந்த நீளம் பெரும்பாலும் ஆளின் உயரத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆக அந்த 13 சென்டிமீட்டர் இரண்டு கைக்கும் தோள் அகலத்துக்கும் பிரிந்துபோகிறது. ஒற்றைக் கையில் வித்தியாசம் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் தேறும். முன்கால் அரையடி நகர்ந்தால் அது காணாமல் போய்விடும்.

அப்படியென்றால் ஏன் எட்டவில்லை? நீங்கள் குறிவைக்கும் இடம்தான் காரணம். கை எந்த உயரத்தில் அதிக தூரம் போகும்? தோளுக்கு நேராக நீட்டும்போது. மேலே தூக்கினாலும் கீழே இறக்கினாலும் தூரம் குறையும். உயரமான தோழி ஒருவரைக் கண்ணாடி முன்னால் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அவருடைய தோள் ஏறக்குறைய உங்கள் தாடைக்கு நேராக இருக்கும். அதாவது அவர் கையை நேராக நீட்டினாலே உங்கள் முகம், அவருக்கு முழு நீளமும் கிடைக்கிறது. உங்கள் தோளோ அவருடைய மார்புக்கு நேராக இருக்கும். நீங்கள் அவருடைய முகத்துக்கு ஜாப் போடும்போது கை மேல்நோக்கிச் சாய்கிறது, நீளம் போய்விடுகிறது, போதாததற்குத் தாடையும் திறந்துகொள்கிறது. ஐந்தாறு சென்டிமீட்டர் குறையை நீங்களே பத்துப் பன்னிரண்டாக ஆக்கிக்கொள்கிறீர்கள்.

அதனால் உங்களைப் போன்றவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது மார்புக்குப் போகும் ஜாப். முழங்காலை லேசாக மடக்கி, முதுகு நிமிர்ந்தபடி, தோளிலிருந்து நேர்க்கோட்டில் நெஞ்சுக்குழிக்கும் அதற்குச் சற்று மேலேயும் போக வேண்டும். நெஞ்சு ஓரிடத்திலேயே நிற்கும், தலையைப் போல விலகி ஓடாது. பெல்ட்டுக்கு மேலே முன்பக்கமும் பக்கவாட்டும் விதிப்படி அடிக்கக்கூடிய இடம், கையின் முட்டிப் பகுதி சுத்தமாகப் பட்டால் புள்ளியும் உண்டு. அதைவிட முக்கியம், இரண்டு மூன்று முறை நெஞ்சில் பட்டதும் உயரமானவர்கள் முன்கையை, அதாவது முன்னால் நிற்கும் கையை, இறக்கிப் பார்ப்பார்கள். அப்போதுதான் முகம் திறக்கும். முகத்துக்குப் போகும் ஜாப் அதற்கு அப்புறம்தான் வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கை. முழங்காலை மடக்காமல் இடுப்பை வளைத்துக் குனிந்தால் முகம் நேராக எதிராளியின் அப்பர்கட்டுக்கு, அதாவது கீழிருந்து மேலே வரும் குத்துக்கு, போகும். 2024 மே மாதம் ரியாத்தில் உக்ரைனின் உசிக்கும் இங்கிலாந்தின் ஃபியூரியும் மோதிய ஹெவிவெயிட் (அதிக எடைப் பிரிவு) சண்டையை வீடியோவில் பாருங்கள். உசிக் 191 சென்டிமீட்டர், ஃபியூரி 206. ஆரம்பத்தில் உசிக் உடம்புக்கு அடித்தே ஃபியூரியைப் பின்னால் தள்ளினார். நடு ரவுண்டுகளில் உள்ளே வந்த உசிக்கை ஃபியூரி அப்பர்கட்டால் வாட்டி எடுத்தார். உசிக் கால்களை நிறுத்தவே இல்லை. ஒன்பதாவது ரவுண்டில் ஃபியூரி கீழே விழும் நிலைக்குப் போய், ரெஃப்ரி எண்ண வேண்டி வந்தது. கடைசியில் நடுவர்கள் பிரிந்த தீர்ப்பில் உசிக் வென்றார். உசிக் இடதுகை நிலைக்காரர் என்பதால் அவர் செய்ததை அப்படியே நீங்கள் எடுக்க முடியாது. ஆனால் உள்ளே போகும்போது தலை எங்கே இருக்கிறது, கால் எங்கே இருக்கிறது என்பதை அந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் பார்க்கலாம்.

"தலையைக் குனிஞ்சு பாஞ்சுடு" என்ற சீனியர் யோசனைக்கும் இதுதான் என் பதில். குனிந்து பாயும்போது எதிராளியைப் பார்க்காமல் போகிறீர்கள். தலை பெல்ட்டுக்குக் கீழே போனால் அமெச்சூரில் அது ஃபவுல், எச்சரிக்கை வரும், புள்ளியும் போகும். குட்டையான ஆள் உள்ளே போகத்தான் வேண்டும், அதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் உள்ளே போவதற்கான கதவே ஜாப்தான். மைக் டைசன் 178 சென்டிமீட்டர்தான், ஹெவிவெயிட்டில் அது குட்டை. 1986-ல் 20 வயதில் தன்னைவிட உயரமான அன்றைய சாம்பியன் பெர்பிக்கை இரண்டாவது ரவுண்டில் சாய்த்து சாம்பியன் ஆனார். அவருடைய ஹூக்கைத்தான் (கையை மடக்கிப் பக்கவாட்டில் வீசும் குத்து) எல்லோரும் பேசுவார்கள். அந்தக் காலத்துச் சண்டைகளைப் பொறுமையாகப் பார்த்தால், தலையை ஆட்டிக்கொண்டே குச்சி போல ஒரு ஜாப் முன்னால் போவது தெரியும். ஹூக் அதற்குப் பின்னால்தான் வரும்.

எப்போது நீட்டுவது

உங்கள் கடிதத்தில் "நான் கையை நீட்டறதுக்குள்ள அவங்க கை வந்துடுது" என்ற வரியைப் பல தடவை படித்தேன். எங்கே நிற்கிறீர்கள் என்பது அதிலேயே தெரிகிறது. எதிராளியின் கை எட்டும், உங்கள் கை எட்டாது, அப்படி ஒரு இடைத்தூரத்தில் நின்றுகொண்டு யோசிக்கிறீர்கள். அந்த இடத்தில் நிற்கவே கூடாது. ஒன்று அவள் முன்கை கிளவுஸ் தொட முடியாத தூரத்தில் வெளியே இருங்கள், இல்லையென்றால் முழுசாக உள்ளே இருங்கள். இடையில் உள்ளது கடந்துபோகும் இடம் மட்டும்தான்.

கடக்கும் நேரம் எது? அவள் ஜாப் போட்டுவிட்டுக் கையைத் திரும்ப இழுக்கும் நேரம். வெளியே நிற்கும்போது முன்காலை லேசாகத் தட்டி, தோளை அசைத்து, பாதி ஜாப் காட்டி அவளை அடிக்க வையுங்கள். அவள் கை வரும். அதை வலது உள்ளங்கையால் தட்டிவிடலாம், இல்லையென்றால் தலையை வலப்பக்கம் ஒரு கிளவுஸ் அகலம் நகர்த்தினால் அது உங்கள் இடது தோளுக்கு மேலே போய்விடும். நீங்கள் இருவரும் வலதுகைக்காரர்கள் என்று வைத்துச் சொல்கிறேன். அவள் கை பின்னால் போகும் அதே நொடியில் அந்தக் கையின் பின்னாலேயே உங்கள் கால் போக வேண்டும். திரும்பிப் போகிற கையால் உடனே அடிக்க முடியாது. அந்தக் கணநேரம் அவள் நீளம் அவளுக்கு உதவாது.

பின்கால் தரையை உந்த, முன்கால் தரையைத் தொடுவதும் கை முட்டி அவள் நெஞ்சைத் தொடுவதும் ஒன்றாக நடக்க வேண்டும். முன்கால் ஊன்றி, அப்புறம் கை போனால் எடை கையில் ஏறாது. கை போய் அப்புறம் கால் வந்தால் நீங்கள் விழுந்துகொண்டு போகிறீர்கள். முன்கால் நகர்ந்த அளவு பின்காலும் உடனே வந்து சேர வேண்டும். இடது தோள் தாடையை மூட, வலது கை கன்னத்தை விட்டு அசையக் கூடாது. உங்கள் வீட்டுத் தறியில் நாடா போன தடத்திலேயே திரும்புவது போல, போன கை அதே கோட்டில் முகத்துக்குத் திரும்ப வேண்டும். கீழே தொங்கித் திரும்பினால் எதிராளியின் வலது கை அந்த இடைவெளியில் வந்து இறங்கும். உங்கள் இரண்டு தோல்வியிலும் பெரும்பாலான அடி "ரைட்டில் வாங்கியது" என்று எழுதியிருக்கிறீர்களே, இதனால்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். வீடியோ இருந்தால் உங்கள் கை திரும்பும் பாதையை மட்டும் பாருங்கள்.

ஒற்றை ஜாப்போடு நிற்காதீர்கள். முதல் ஜாப் அவள் முன்கை கிளவுஸில் பட்டாலே போதும், அது கையைப் பூட்டுவதற்கு. இரண்டாவது நெஞ்சுக்கு. இரண்டுக்கும் தனித்தனி அடி எடுத்து வையுங்கள். கிளவுஸில் படுவதற்குப் புள்ளி கிடையாது, ஆகவே பின்னாலேயே வலது ஸ்ட்ரெய்ட்டோ இடது ஹூக்கோ வர வேண்டும். மூன்று நிமிட ரவுண்டு மூன்றுதான் இருக்கிறது. நடுவர்கள் சுத்தமாகப் பட்ட அடியையும், சண்டையை யார் நடத்துகிறார்கள் என்பதையும் பார்ப்பார்கள். வெளியே நின்று சும்மா தட்டிக்கொண்டிருந்தால் இரண்டும் அவளுக்குத்தான் போகும்.

வெளியே வருவதிலும் கவனம் வேண்டும். நேராகப் பின்னால் வந்தால் மறுபடியும் அந்த இடைத்தூரத்தில் மாட்டுவீர்கள். அவளுடைய இடது தோளுக்கு வெளியே, அதாவது உங்கள் வலப்பக்கம், வலது காலை முதலில் வைத்து விலகுங்கள். அவள் வலது கை தூரமாகிவிடும், உங்களை அடிக்க அவள் உடம்பைத் திருப்ப வேண்டியிருக்கும். இடது ஹூக் மட்டும் வரும், அதற்கு வலது கை மேலேயே இருக்கட்டும். இல்லையென்றால் ஒட்டி உள்ளேயே இருந்து உடம்புக்கு இரண்டு போடுங்கள்.

வீட்டில் செய்ய இரண்டு பயிற்சி

டாக்டர் ஷேடோவுக்கு அனுமதித்த பிறகு இவற்றைச் செய்யுங்கள். இடது பக்கம் சுவரை ஒட்டி, தோளுக்கும் சுவருக்கும் நான்கு விரல் இடைவெளி விட்டு நில்லுங்கள். ஜாப் போடுங்கள். முழங்கை சுவரில் உரசினால் கை பக்கவாட்டில் விரிகிறது என்று பொருள். முழங்கை விரிந்தால் எதிராளிக்கு உங்கள் ஜாப் கிளம்பும் முன்பே தெரிந்துவிடும். உரசாமல் போகும்வரை மெதுவாகவே போடுங்கள், வேகம் தானாக வரும்.

இரண்டாவது, மொட்டை மாடியில் சாக்பீஸால் இரண்டு கோடு. வெளிக்கோடு நீங்கள் நிற்கும் இடம். உள்கோடு அதிலிருந்து ஓரடி முன்னால், முன்கால் விழவேண்டிய இடம். தோழியை ஒரு நீளக் குச்சியின் நுனியில் பழைய கிளவுஸைக் கட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள். அவர் குச்சியை உங்கள் தோளை ஒட்டி மெதுவாக நீட்டி இழுக்க வேண்டும். தலை விலகி, குச்சி திரும்பும்போது கூடவே நீங்கள் உள்கோட்டுக்குப் போய் ஜாப் போட்டுவிட்டு, வலப்பக்கமாக வெளியேற வேண்டும். மூன்று நிமிடம் செய்து ஒரு நிமிடம் ஓய்வு. குச்சி கிளம்பும்போதே பாய்கிறீர்களா, திரும்பும்போது போகிறீர்களா என்று தோழி கவனித்துச் சொல்லட்டும். ஆரம்பத்தில் எல்லோரும் அவசரப்பட்டுக் கிளம்பும்போதேதான் பாய்வார்கள்.

51 கிலோ யோசனை

பத்து நாளில் மூன்று கிலோ, அதுவும் தண்ணீரைக் குறைத்து. இதை நான் கட்டாயம் வேண்டாம் என்பேன். அப்படி இறங்குவது கொழுப்பில்லை, உடம்பின் நீர். நீர் வற்றிய உடம்பில் கால் பிடித்துக்கொள்ளும், அடியில் பலம் இருக்காது, இதயமும் சிறுநீரகமும் திண்டாடும். சித்திரை வெயிலில் பிளாஸ்டிக் கோட்டு போட்டு ஓடி மயங்கி விழுந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அமெச்சூரில் போட்டி நாள் காலையிலேயே எடை பார்ப்பார்கள், அடுத்தடுத்த நாள் ஆடினால் மறுபடியும் பார்ப்பார்கள். குடித்துத் தேறுவதற்கு நேரம் கிடையாது. ஏற்கனவே தலையில் அடிபட்டிருக்கும் உங்களுக்கு இது இரண்டு மடங்கு ஆபத்து.

கீழே இறங்கினால் உயரப் பிரச்சினை தீரும் என்பதும் நிச்சயமில்லை. 51-லும் உயரமான, ஒல்லியான பெண்கள் வருவார்கள். உண்மையிலேயே குறைக்க வேண்டும் என்றால் மூன்று மாதம் எடுத்து, வாரத்துக்குக் கால் கிலோ என்று போகலாம், அதுவும் டாக்டர் உங்கள் ரத்த அளவைப் பார்த்து ஒப்புக்கொண்டால். ஹாஸ்டலில் இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே நிறுத்துங்கள். ஊருக்குப் போனால் அம்மா கையால் அரிசிம்பருப்பு சாதம், கொள்ளு ரசம், பச்சைப்பயிறு கடைசல் என்று வயிறாரச் சாப்பிடுங்கள், கூட முட்டையும் இருக்கட்டும். மாதவிடாய் தள்ளிப்போகிறது என்றாலோ நின்றுவிட்டது என்றாலோ, உடம்புக்குச் சாப்பாடு போதவில்லை என்பதற்கு அது ஒரு முக்கியமான அடையாளம். கோச்சிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் டாக்டரிடமாவது மறைக்காதீர்கள்.

மேரி கோமை நினைத்துப் பாருங்கள். அவருக்கு உயரம் 158 சென்டிமீட்டர்தான். 48 கிலோவில் உலக சாம்பியன். 2012 லண்டனில் பெண்கள் குத்துச்சண்டை முதல்முதலாக ஒலிம்பிக்கில் வந்தபோது 51, 60, 75 என்று மூன்றே பிரிவுகள்தான் இருந்தன. அவர் மேலே ஏறி 51-ல்தான் ஆட வேண்டியிருந்தது. தன்னைவிடப் பெரிய பெண்களோடு ஆடி அரையிறுதி வரை போனார். அங்கே உயரமான நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்றார், வெண்கலத்தோடு வந்தார். உயரம் ஒரு பொருட்டே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். சில நாள் அது ஜெயிக்கத்தான் செய்யும். ஆனால் அதைச் சமாளிக்கும் வழி காலிலும் தலை அசைவிலும் இருக்கிறது, எடை மெஷினில் இல்லை.

நிலையை மாற்றுவது பற்றி

இப்போது வேண்டாம். இரண்டு வருடம் பழகிய காலை மாற்றினால் நிற்பதையே புதிதாகக் கற்க வேண்டும், ஒரு மாதத்தில் அது நடக்காது. நீங்கள் எழுதுவது வலது கைதான், வலது கைதான் பலம் என்றும் சொல்கிறீர்கள். இருக்கும் நிலையிலேயே ஜாப்பைச் சரி செய்யுங்கள்.

அடுத்த மாதப் போட்டி

உங்கள் உண்மையான கேள்வி இது என்று தெரிகிறது. டாக்டர் அனுமதி இல்லாமல் ஏறக் கூடாது. அனுமதி கிடைத்தாலும், படிப்படியாகத் திரும்பி ஸ்பாரிங் வரை வருவதற்கே அந்த மாதம் போய்விடும், தயாராக நாள் இருக்காது. என்னுடைய பிள்ளையாக இருந்தால் இந்த ஒரு போட்டியை விடச் சொல்வேன். உங்களுக்கு வயது 19, இன்னும் பல சீசன் இருக்கிறது.

கோச்சிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால் ஹாஸ்டலிலிருந்து போனில் வேண்டாம், நேரில் போய்ச் சொல்லுங்கள். டாக்டர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "சார், போன வார ஸ்பாரிங்ல தலையில அடிபட்டுது, உங்ககிட்டச் சொல்லாம விட்டுட்டேன். டாக்டர் இத்தனை நாள் நிறுத்தச் சொல்லியிருக்கார்" என்று சொன்னால் போதும். அந்த நாட்களில் கிளப்புக்குப் போவதை நிறுத்த வேண்டாம். கீழே உட்கார்ந்து, உயரமான பெண்கள் ஸ்பாரிங் செய்யும்போது ஜாப் போட்ட கை எப்படித் திரும்புகிறது, எவ்வளவு கீழே இறங்குகிறது என்று ஒவ்வொருத்தராகப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டோடு ஒரு கடிதம் போடுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.